பிள்ளை கடைக்குப் போய் வரட்டும்

மட்டக்களப்பில் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஒரு தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரையில் ஒரு பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். ஒழுங்கை முனைக்குக்கூடத் தனியே போகாமல் வளரும் பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதில் என்ன நடக்கிறது என்பதை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். ஆனாலும் "ஏன் இப்படி வளர்க்கிறீங்க?" என்று கேட்க வாயெடுத்தால், இந்த மண்ணில் நடந்ததெல்லாம் முன்னால் வந்து நிற்கிறது.

1990ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள். அதற்கு ஒரு மாதம் முதல், ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். அதன்பின் ஆயுதக் குழுக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோன காலம் வந்தது. வகுப்பு முடிந்து பிள்ளை படலைக்குள் வரும்வரை தாய்மார் சோறு தின்னாமல் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் எங்களுக்குப் பக்கத்து அம்பாறை. எங்கள் மாவட்டத்துக் கரையோரத்தில் நாவலடியிலும் கல்லடியிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எல்லாம் ஓய்ந்தது என்று நினைத்திருந்தபோது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் செத்தார்கள். அடுத்த வருடம் கொரோனா.

இவ்வளவையும் கண்ட ஊரில் "பிள்ளையை வெளியே விடாதே" என்பது வெறும் செல்லம் அல்ல. ஒரு காலத்தில் அந்தப் பயம்தான் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தது. அதற்கான காரணங்கள் பலவும் இப்போது இல்லை. பயம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி வெளியூர்க்காரர் பேசும் அறிவுரைகள் இங்கே எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தாயின் பயத்தைத் தொடாமல் பிள்ளையின் பயத்தை மட்டும் எடுக்க ஏலாது.

என் அறைக்கு இன்று வரும் பிள்ளைகளில் அநேகர் யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். யுத்தத்தின் வெடிச்சத்தம் கேட்காதவர்கள். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, காலைக் கூட்டத்தில் மயக்கம், தவணைப் பரீட்சை நெருங்கினால் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, கை குளிர்கிறது என்று வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இரத்தம் சரி, சிறுநீர் சரி, ஈசிஜி சரி. "புள்ளைக்கு ஒண்டும் இல்லையாம் டீச்சர், சும்மா நடிக்கிறான்" என்று தகப்பன் சொல்வார். நடிப்பு இல்லை. அந்த வலி உண்மையான வலி. பயம் வந்தால் வயிறுதான் முதலில் பேசும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோவொரு மனநலப் பிரச்சினையோடு வாழ்கிறார். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நுழையும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவில் இருக்கும்.

ஒரு பையனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. கெட்டிக்காரன். கணிதத்தில் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் வருவான். ஒரு நாள் வகுப்பில் பாடம் ஒப்புவிக்க எழுந்தவனுக்குக் குரல் வரவில்லை, கால் நடுங்கியது, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அடுத்த நாள் வரவில்லை. பிறகு கிழமைக்கு இரண்டு நாள், பிறகு ஒரு நாள், பிறகு வருவதே இல்லை.

வீட்டுக்குப் போனேன். நல்ல பெரிய வளவு, சுற்றிவர மதில், இரும்புக் கேற், உள்ளே பூட்டு. தகப்பன் கட்டாரில். வீட்டில் தாய், அம்மம்மா, இவன். தாய் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "டீச்சர், அவனுக்கு ஒண்டும் ஏலாது. நான் ஊட்டாட்டிச் சாப்பிடமாட்டான். என்னை விட்டா ஆரு இருக்கா அவனுக்கு?" பதினாலு வயதுப் பிள்ளைக்கு இறால் கோது நீக்கி, மீன் முள் எடுத்துப் பிசைந்து வைத்திருந்தார். சயிக்கிள் ஒன்று புதிதாக வாங்கியபடியே தூசு பிடித்து நின்றது. முன்னால் ஒழுங்கை முனையில் கடை, வாசலில் நின்றால் தெரியும் தூரம். அந்தக் கடைக்கு அவன் தனியே போனதே இல்லை.

ஏன் என்று கேட்டேன். தாய் பேசவில்லை. மூலையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா பேசினார். "என்ட மூத்தவன் கடைக்குப் போய்த்து வாறன் எண்டு போனவன்தான் டீச்சர். தொண்ணூறாம் ஆண்டு. இன்னும் வரல்ல."

பேரன் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன் நடந்தது. மாமன் ஒருவர் இருந்தார் என்பதே அவனுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. ஆனால் அவன் உடம்புக்கு அது தெரிந்திருந்தது. அவன் கேற்றுக்குப் போனால் அம்மம்மா எழும்பி நிற்பார், தாய் கூப்பிடுவார். தெருவில் ஏதோ பயங்கரம் இருக்கிறது என்று வார்த்தை இல்லாமலே அவனுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதோடு சேர்த்து இன்னொன்றும்: அதைச் சமாளிக்க உன்னால் ஏலாது.

மனநல கிளினிக்குக்கு அவன் வரமாட்டேன் என்றான். தாயை மட்டும் கூட்டிப்போனேன். அங்கே டொக்டர் விளங்கப்படுத்திய முறை எனக்கும் உதவியது. பயப்படுகிற ஒன்றை விட்டு விலகினால் உடனே நிம்மதி வரும். அந்த நிம்மதியே மூளைக்குப் பாடம்: விலகியதால்தான் தப்பினாய் என்று. அடுத்த முறை பயம் இன்னும் கூடும். பிள்ளைக்காகத் தாய் பேசினால், தாய் சாமான் வாங்கினால், தாய் லீவுக் கடிதம் எழுதினால், அவன் பயம் வளர்வதற்கு அவர் அன்போடு இடம் கொடுக்கிறார். பிள்ளை வராவிட்டாலும் பரவாயில்லை, பெரியவர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றினாலே பாதி வேலை நடக்கும் என்றார்.

அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை என்று பின்னால் வாசித்தபோது தெரிந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளரின் குழு, பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியில் பிள்ளைகளுக்கே சிகிச்சை. மறு பகுதியில் பிள்ளையைத் தொடாமல் தாய் தகப்பனுக்கு மட்டும் பயிற்சி. 2020இல் வெளியான அந்த முடிவின்படி இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். கிளினிக்குக்கு வர மறுக்கும் பிள்ளைகள் நிறைந்த எங்கள் பகுதிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் சொல்லை மாற்றினோம். "பயப்பிடாத மகன், நான் இருக்கன்" என்பது அந்த வீட்டு வழக்கம். அதை விட்டு, "பயமாத்தான் இருக்கும், தெரியும். உன்னால ஏலும்" என்று சொல்லப் பழகச் சொன்னேன். பயம் பொய் என்று சொல்லவும் கூடாது, பயத்திலிருந்து தூக்கி எடுக்கவும் கூடாது. இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்துச் சொல்வது தாய்க்குக் கடினமாக இருந்தது. கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு ஊட்டுவதை நிறுத்தினார். இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானே போட்டுச் சாப்பிட்டான்.

பிறகு கடை. தாய் கேற்றில் நிற்க அவன் போய் ஒரு பணிஸ் வாங்கி வருவது முதல் படி. பிறகு தாய் வாசற்படியில். பிறகு குசினிக்குள். போன் கொண்டுபோகாமல் போவது அதற்குப் பிறகு. அவன் கடைக்குப் போகும் நேரங்களில் நான் போய் இருந்தது அவனோடு அல்ல, அம்மம்மாவோடு. அவர் கை நடுங்கும். மகனைப் பற்றிக் கேட்பேன். அவருக்கு என்ன கறி பிடிக்கும், என்ன படித்தார், எந்தச் சேட்டோடு போனார் என்று சொல்வார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேரன் திரும்பி வந்துவிடுவான். "வந்திட்டியா மனே" என்று முகத்தைத் தடவிப் பார்ப்பார். அந்தத் திரும்பி வருதல் பலமுறை நடக்க வேண்டியிருந்தது. பேரனுக்கு எவ்வளவு தேவையோ, அதைவிடக் கூட அம்மம்மாவுக்குத் தேவையாயிருந்தது. காணாமல் போன மகனைப் பற்றி ஆரும் தன்னிடம் கேட்பதில்லை என்று ஒருமுறை சொன்னார். இதுபோன்ற வீடுகளில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: பெரியவர்களின் கதையைக் கேட்க நேரம் ஒதுக்காமல் பிள்ளைக்கு அட்டவணை போட்டுக் கொடுக்காதீர்கள்.

நேராக ஏறிப் போகவில்லை. சயிக்கிளில் விழுந்து முழங்கையில் தோல் உரிந்தது. தகப்பன் கட்டாரிலிருந்து வீடியோ கோலில் பார்த்துவிட்டுத் தாயை ஏசினார், எல்லாம் நின்றது. தூரத்தில் இருக்கும் தகப்பனுக்குப் பயம் இரட்டிப்பு, ஏனென்றால் ஓடி வர முடியாது. அவருக்கு நான் குரல் பதிவுகள் அனுப்பினேன். மகன் கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்கியதை, தானே உடுப்புத் துவைத்ததைச் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நாளில் அவரே மகனிடம் "இண்டைக்கு என்ன தனியாச் செய்தாய்?" என்று கேட்கத் தொடங்கினார். வெளிநாட்டிலிருக்கும் தகப்பன்மார் ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்கும் கோலில் இந்த ஒரு கேள்வியையும் சேர்க்கலாம்.

பாடசாலைக்கு அவன் திரும்பியது அடுத்த தவணையில். முதலில் நூலகத்தில் ஒரு பாடவேளை, பிறகு கணித வகுப்பு மட்டும், பிறகு அரை நாள். அதிபரும் வகுப்பாசிரியரும் இதற்கு இடம் தந்தார்கள். "நாளையிலிருந்து முழு நாள் வா" என்று கட்டாயப்படுத்தியிருந்தால் தோற்றிருப்போம். இன்றைக்கும் அவன் கூட்டத்தில் பேச விரும்புவதில்லை. அது அவன் சுபாவம், நோயல்ல. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனியே பஸ்ஸில் போய் எழுதினான்.

ஆண்பிள்ளையின் கதையைச் சொல்லிவிட்டுப் பெண்பிள்ளைகளை விட்டுப் போக முடியாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தாலும் மகள் தாய் வீட்டில்தான் இருப்பாள். வீடு அவளுக்குச் சீதனம், மாப்பிள்ளை வந்து சேர்வார். அதில் பெண்ணுக்குப் பெரிய பலம் இருக்கிறது என்று எப்போதும் நம்புகிறேன். ஆனால் தாயின் கண்ணை விட்டு ஒரு நாளும் விலகாமல் முப்பது வயது வரை வாழ்ந்துவிடவும் அதில் வழி இருக்கிறது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய், சில கிழமைகளில் அழுதுகொண்டு திரும்பி வந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். படிப்பு அவளுக்குச் சுமையாக இருக்கவில்லை. அதுவரை டியூசனுக்கு மோட்டார் சயிக்கிளில் ஏற்றி இறக்கினார்கள், வாசலில் காத்திருந்தார்கள். விடுதியில் காய்ச்சல் வந்தபோது டொக்டரிடம் தன் வருத்தத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் எப்போதும் அம்மாதான் சொன்னார். பத்தாம் வகுப்பிலிருந்தே இதையெல்லாம் பழக்கலாம்: வங்கி அட்டையில் காசெடுப்பது, பஸ் மாறி ஏறுவது, டொக்டரிடம் தானே பேசுவது, ஒருவர் கேட்டதற்கு "ஏலாது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது. பஸ்ஸில் தொல்லை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் பிள்ளையைப் பூட்டி வைப்பதல்ல. சத்தம் போடவும், நடத்துநரிடம் சொல்லவும், வீட்டில் வந்து சொன்னால் தனக்கே ஏச்சு விழாது என்ற நம்பிக்கையோடு சொல்லவும் பழக்க வேண்டும். வீட்டில் ஏச்சு விழும் என்று தெரிந்த பிள்ளை, வெளியே நடந்ததை மறைத்துவிடும். நான் கண்ட பெரிய ஆபத்து அதுதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் ஒரு துண்டு நிலத்தில் இருக்கிறோம். சுனாமிக்குப் பிறகு பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது, ஏனென்றால் கரைக்கே விடவில்லை. அவர்கள் பதினெட்டு வயதில் நண்பர்களோடு ஆற்றுக்கும் குளத்துக்கும் போகிறார்கள். நீச்சல் தெரிந்த ஒரு பெரியவரோடு, ஆழமில்லாத இடத்தில் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தால் அது காவலாக இருந்திருக்கும். தடுத்து வைத்ததால் ஆபத்துக் கூடியது. பிள்ளைகளை விடச் சொல்லும்போது தாய்மார் கோபப்பட்டால் இந்த ஒரு உதாரணத்தைத்தான் சொல்வேன். கடற்கரைத் தாய்மாருக்கு உடனே விளங்கும்.

அதே வீடுகளில் போன் மட்டும் திறந்து கிடக்கிறது. 2020இல் பாடசாலைகள் மூடியபோது பாடம் வந்தது போனில். நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த பெற்றோரை எனக்குத் தெரியும். பாடம் நேரடி வகுப்புக்குத் திரும்பியது, போன் அறைக்குள் தங்கிவிட்டது. கேற்றுக்கு வெளியே ஆரோடும் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு முகம் தெரியாதவரோடு பேசுகிறது. நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இரவில் போன் பிள்ளையின் அறையில் இருக்கக் கூடாது. தாய் தகப்பனின் போனும் அதே மேசையில் சார்ஜில் கிடக்கட்டும். அப்போதுதான் பிள்ளை ஒத்துக்கொள்ளும்.

பீட்டர் கிரே என்ற அமெரிக்க உளவியலாளர் 2023இல் வேறு இரண்டு ஆய்வாளரோடு சேர்ந்து சிறுவர் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையில், பல பத்து வருடங்களாகப் பிள்ளைகளின் மனநலம் கீழே போவதற்கு ஒரு முக்கிய காரணம், பெரியவர் கண்காணிப்பில்லாமல் தாமாக விளையாடித் திரியும் நேரம் குறைந்துபோனதுதான் என்று வாதிட்டார்கள். அவர்கள் பேசியது அமெரிக்காவைப் பற்றி. எனக்கு அதை வாசித்தபோது மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா நினைவுக்கு வந்தது. 1996இல், யுத்தத்தின் நடுவில், கனடாவிலிருந்து வந்த போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் தொடங்கிய இடம். தமிழ்க் கிராமப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்திலேயே பிள்ளை விளையாட வேண்டும் என்று ஆரோ யோசித்திருக்கிறார்கள். இன்றைக்குச் சோதனைச் சாவடி இல்லாத ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்காக எட்டு வயதிலிருந்தே பின்னேர விளையாட்டை எடுத்துவிடுகிறோம். இதில் தாய்மாரை மட்டும் சொல்லக் கூடாது. வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகளின் படத்தைப் பெரிய பதாகையில் போட்டுத் தெருவில் கட்டும் பாடசாலைகளும் வகுப்பு நடத்துபவர்களும் பொறுப்பெடுக்க வேண்டும். தாண்டாத பிள்ளையும் அந்தத் தெருவால்தான் நடந்து போகிறது.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வீட்டில் வருமானக் கவலை கூடியிருக்கிறது. தாயோ தகப்பனோ வெளிநாடு போகிறார்கள். பிள்ளைகளின் மனம் நோவதற்கு வளர்ப்பு முறை மட்டும் காரணமாகாது. வறுமையில் நித்திரை கொள்ளாத பிள்ளையிடம் போய்த் தனியே கடைக்குப் போய்ப் பழகு என்று சொல்வதில் பயனில்லை. அந்தப் பிள்ளை ஏற்கனவே எல்லாம் தனியேதான் செய்கிறது.

பொத்தி வைக்க வேண்டிய இடமும் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்கிறேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல் குசினிக்கு வெளியே தட்டில் நிற்பதைப் பார்க்கிறேன். அதைப் பூட்டி வையுங்கள், அல்லது வீட்டில் வைக்காதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளையும் அப்படியே. இந்த நாட்டில் ஆகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு தற்கொலை வீதம் பாதிக்கு மேல் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதே ஒரு உயிரைக் காக்கப் போதும், ஏனென்றால் அந்த நேரத்து எண்ணம் பெரும்பாலும் கடந்து போய்விடும்.

பிள்ளை இரண்டு கிழமைக்கு மேலாகச் சரியாகச் சாப்பிடாமல் நித்திரை கொள்ளாமல் இருந்தால், நண்பர்களை முழுதாக விட்டால், பிரியமாக வைத்திருந்த பொருட்களை மற்றவருக்குக் கொடுத்தால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பதுபோல் ஒரு வார்த்தை சொன்னால், காத்திருக்க வேண்டாம். கோயிலில் நூல் கட்டுவதையும் பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதையும் நான் தடுப்பதில்லை. அதோடு கிளினிக்குக்கும் வாருங்கள் என்பேன். சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று பிள்ளையிடம் நேரே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்டதும் பிள்ளை பெருமூச்சு விட்டு அழுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஆம் என்றால் தனியே விடாமல் கூட இருந்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச சேவை, காசில்லை. இரவில் ஆரோடாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம், பிள்ளைகளுக்கு ஆரும் தொல்லை கொடுத்தால் 1929. கிளினிக்கில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று வெட்கமாக இருந்தால் பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடம் முதலில் சொல்லுங்கள். முதல் முறை போகும்போது அவரையும் கூட வரச் சொல்லிக் கேட்கலாம்.